வேப்பிலையும் அதிரசமும் பட்டாணி என்கிற நாயும்

காக்கைக்கும் குயிலுக்கும் இன்னும் சண்டை மூளாத காலம். அவ்வளவு பழைய காலம். அந்தக் காலத்தில் தாழைநாடு என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் வடக்கு எல்லையில் மேய விட்ட மாடு மத்தியானத்துக்குள் தெற்கு எல்லையைத் தாண்டிவிடும். மாட்டைத் தேடிப் போனவனை அந்நிய நாட்டான் பிடித்து உட்கார வைத்துவிடுவான். அவ்வளவுதான் நாடு.

அதை ஆண்டவன் முரசராயன். நல்ல மனுஷன், நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? குடிமக்களை அடிக்கமாட்டான், யார் வயிற்றிலும் அடிக்கமாட்டான். ஒரே ஒரு குறை. கத்துவான். பால் சுட்டால் கத்துவான். பால் ஆறிப்போனால் கத்துவான். பாலே வேண்டாம் என்பதையும் கத்தித்தான் சொல்வான். அவன் தும்மினால் பக்கத்துத் தெருவில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எழுந்துகொள்ளும்.

கத்துகிற ராஜா எந்த நாட்டில்தான் இல்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேளுங்கள். தாழைநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அதனால்தான் வினையே வந்தது.

அரண்மனை வாசலில் ஒரு பெரிய கருங்கல். ராஜா வாயிலிருந்து கட்டளை என்று எது வந்தாலும் அரண்மனைச் சிற்பி அதை அந்தக் கல்லில் வெட்டிவிடுவான். வெட்டியதை அந்த ராஜா உயிரோடு இருக்கும்வரை யாரும் அழிக்கக் கூடாது. ராஜாவே கூட அழிக்கக் கூடாது. முரசராயனுடைய பாட்டனாருக்குக் காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு. அவரிடம் பட்ட பாட்டில் மக்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. மெதுவாகச் சொன்ன கட்டளைக்குச் சின்ன எழுத்து, உரக்கச் சொன்ன கட்டளைக்குப் பெரிய எழுத்து. முரசராயன் பட்டத்துக்கு வந்த பிறகு கல்லில் இடம் போதாமல் பக்கத்திலேயே இன்னொரு கல்லை நட்டார்கள்.

ஒருநாள் கோடையில் ஊர்வலம் போகும்போது ராஜா எரிச்சலில், "யாராவது இந்த வெயிலை நிறுத்துங்களேன்யா!" என்று கத்திவிட்டான். போச்சா? அன்றே கல்லில் ஏறிவிட்டது. வெயில் நிறுத்தும் அதிகாரி என்று ஒருவரை நியமித்தார்கள். பாவம் அவர் தினமும் உச்சி வேளையில் கோட்டைச் சுவர்மேல் ஏறி, சூரியனுக்கு நேராக உள்ளங்கையைக் காட்டியபடி நிற்பார். சாயங்காலம் சூரியன் இறங்கியதும், "அப்பாடா, இன்றைக்கும் நிறுத்தியாச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவார். தலை மட்டும் வறுத்த கடலை நிறத்துக்கு மாறிவிட்டது.

சிரிக்காதீர்கள். கதையே இன்னும் வரவில்லை.

இந்த ராஜாவிடம் ஒரு நாய் இருந்தது. சந்தையிலிருந்து வந்த பட்டாணி மூட்டைக்குள் குட்டியாகச் சுருண்டு கிடந்ததால் அதற்குப் பட்டாணி என்றே பெயர். சாம்பல் நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது படுத்திருக்கும். ராணி வடிவுடையாளுக்கு அதன்மேல் உயிர். ராஜாவுக்கும்தான். ஆனால் ராஜா கத்தும்போதெல்லாம் பட்டாணியும் கூடச் சேர்ந்து குரைக்கும். ராஜாவும் தன் சாதிதான், கொஞ்சம் பெரிய நாய், துணைக்குக் கூப்பிடுகிறது என்று அது நினைத்திருக்க வேண்டும். ராஜா கத்தினால் பட்டாணி குரைக்கும். பட்டாணி குரைத்தால் ராஜா கத்துவான். எங்கே ஆரம்பித்தது என்று அரண்மனையில் ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் சபை கூடியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்துவிட்டார்கள். அமைச்சர் திருமேனி சொன்ன ஒரு சொல்லும் யார் காதிலும் விழவில்லை. ராஜா எழுந்து நின்று கத்தினான்: "யாராவது கையில் இருக்கிறதைக் கொடுத்து இந்த நாய் வாயை அடைங்கய்யா!"

சிற்பி வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். உளியை எடுத்தான். டக், டக், டக். இவ்வளவு பெரிய எழுத்தில் வெட்டினான்: "பட்டாணி குரைத்தால், அருகில் இருப்பவர் தம் கையில் இருப்பதைக் கொடுத்து அதன் வாயை அடைக்கக் கடவர்."

அன்றோடு நாட்டுக்குப் பிடித்தது சனி.

அரண்மனை வைத்தியர் லேகிய உருண்டையோடு வந்தார். பட்டாணி குரைத்தது. உருண்டை போயிற்று. அது ராஜாவின் பலத்துக்காகக் கிண்டிய லேகியம். தின்றுவிட்டுப் பட்டாணி அன்று முழுவதும் கூடுதல் பலத்தோடு குரைத்தது. நாவிதர் கண்ணாடியோடு வந்தார். பட்டாணி குரைத்தது. கண்ணாடியும் போயிற்று. அதில் இன்னொரு நாயைப் பார்த்துவிட்டு அதற்கும் சேர்த்துக் குரைத்தது.

ஒரு கல்யாணம் நடந்தது பாருங்கள், அதுதான் கொடுமை. மாப்பிள்ளை மாலையைக் கையில் எடுத்து, பெண் கழுத்தை நோக்கி நீட்டுகிறான். பந்தலுக்குள் பட்டாணி நுழைந்து ஒரு குரை குரைத்தது. சட்டம் சட்டம்தானே? மாலையை நாய்க்குக் கொடுத்துவிட்டான். பெண் அழுதாள், மாப்பிள்ளையும் அழுதான். பட்டாணி மாலையைத் தின்றது. மறுமாலை வந்து சேரும்வரை, அந்தப் பெண்ணுக்குப் பட்டாணி என்ன முறை வேண்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மக்கள் பார்த்தார்கள். கையில் இருப்பதெல்லாம் போகிறதே என்று, ஆளுக்கு ஓர் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்கள். பட்டாணியைப் பார்த்துச் சொல்லுங்கள், அது என்ன முட்டாளா? குரைத்தால் அதிரசம் வருகிறது. வாசலில் குரைத்தால் வருகிறது, வீதியில் குரைத்தால் வருகிறது, கோவிலைப் பார்த்துக் குரைத்தால்கூட வருகிறது. நீங்களும் நானும் அந்த ஊரில் இருந்தால் சும்மா இருப்போமா? முதல் ஆளாய்க் குரைத்திருப்போம்.

இது இப்படியே போயிருந்தால் நான் கதை சொல்ல வந்திருக்க மாட்டேன். தண்ணீரில் வந்து கை வைத்தது விதி.

தாழைநாட்டுக்கு ஓர் ஆறுதான். அது மேட்டுநாட்டிலிருந்து இறங்கி வரும். மதகு மேட்டுநாட்டு ராஜா மலைக்கொழுந்தன் கையில் இருந்தது. தண்ணீரை ஆளுக்குப் பாதி என்று பேசி முடிக்க அவன் தாழைநாட்டுக்கு வந்தான். வெயிலில் வந்தவன் சபையில் உட்கார்ந்ததும் தன் பட்டுத் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேர்வையைத் துடைத்தான். அந்த நேரம் பார்த்துப் பட்டாணி வந்து அவன் முன்னால் நின்று குரைத்தது.

அமைச்சர் திருமேனி குனிந்து அவன் காதில், "கொடுத்துவிடுங்கள் மகாராஜா. சட்டம்" என்றார்.

"எதை?"

"கையில் இருப்பதை."

அவன் கொடுக்கவில்லை. பட்டாணியே எடுத்துக்கொண்டது. மேட்டுநாட்டுப் பட்டுத் தலைப்பாகை, நாலு வீதியும் சுற்றி, சாக்கடையில் குளித்து, கடைசியில் கிழிந்த கோவணமாகத் திரும்பி வந்தது.

மலைக்கொழுந்தன் எழுந்தான். முரசராயனுக்குக் கொஞ்சமும் குறையாத தொண்டை அவனுக்கும். "மதகை அடைக்கச் சொல்கிறேன்!" என்று கத்தினான். "அடுத்த பௌர்ணமிக்கு வருவேன். இந்தச் சபையில், என் கண் முன்னால், கட்டாமல் இந்த நாய் உட்கார்ந்திருக்க வேண்டும். அது வாயைத் திறக்காவிட்டால் மதகைத் திறப்பேன். அது வாயைத் திறந்தால் மதகு திறக்காது. ஒரு நாய் வாயைக் காக்க முடியாதவன் என்னிடம் கொடுத்த வாக்கை எப்படிக் காப்பான்?"

போய்விட்டான். ஆறு வற்றியது.

வயலில் நெல் பால் பிடிக்கும் பருவம். இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் வைக்கோல். ஒரு நாட்டின் சோறு முழுவதும் ஒரு நாயின் வாயில் வந்து நின்றது.

நாயை ஒளித்துவிடலாம் என்றார் ஒருவர். அவன்தான் கண் முன்னால் வேண்டும் என்று சொல்லிவிட்டானே. ஓர் ஆட்டுக்குச் சாம்பல் பூசி உட்கார வைக்கலாம் என்றார் இன்னொருவர். அவரைப் பேசாமல் உட்காரச் சொன்னார்கள். நாயைப் பழக்குவது ஒன்றுதான் வழி. "நாயைப் பழக்கத் தெரிந்தவன் எவன் இருந்தாலும் வரட்டும்!" என்று ராஜா கத்தினான். கல்லில் வெட்டினார்கள்.

முதலில் ஒரு சாமியார் வந்தார். மௌனத்தில் பழுத்தவர். "நான் அதன் எதிரே மௌனமாக உட்காருவேன். என் மௌனம் அதைப் பிடித்துக்கொள்ளும்" என்று எழுதிக் காட்டினார். உட்கார்ந்தார். பட்டாணி குரைத்தது. கையில் இருந்த கமண்டலத்தைக் கொடுத்தார். மறுபடி குரைத்தது. ருத்திராட்சத்தைக் கொடுத்தார். மறுபடி குரைத்தது. மான்தோலைக் கொடுத்தார். அதற்கப்புறம் கையில் என்ன இருக்கிறது? இடுப்பில்தான் ஒரு துண்டு இருக்கிறது. அதைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கையில் பிடித்தால் அதுவும் கையில் இருப்பதுதான் என்று காவலன் நினைவுபடுத்தினான். பல வருஷ மௌனத்தை விட்டுச் சாமியார் அன்று பேசினார். அவர் பேசியதை இங்கே சொல்ல முடியாது, பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டாவதாக யானைப்பாகன் வந்தான். "மலை மாதிரி யானையே என் சொல் கேட்கும், இந்தச் சுண்டெலி கேட்காதா?" என்று யானையையும் ஓட்டி வந்தான். 'உட்கார்' என்பதற்கு யானையிடம் என்ன சத்தம் கொடுப்பானோ, அதையே பட்டாணியிடம் கொடுத்தான். பட்டாணி குரைத்தது. கையில் இருந்த அங்குசத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அங்குசம் எங்கே போகிறதோ அங்கேதானே யானைக்கு எஜமான்? அன்றிலிருந்து யானை பட்டாணி பின்னால் போயிற்று. பட்டாணி குரைத்தால் யானை உட்கார்ந்தது. முதல் தடவை தோட்டத்தில் உட்கார்ந்தது, பரவாயில்லை. இரண்டாம் தடவை மடைப்பள்ளிமேல் உட்கார்ந்துவிட்டது.

மூன்றாவதாகத் தளபதியே வந்தார். "குரைக்கிறவனை அவனைவிடப் பலமாகக் குரைத்து அடக்க வேண்டும்" என்றார். மண்டியிட்டார், மீசையை ஒதுக்கினார், குரைத்தார். பட்டாணிக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! இவ்வளவு நாளும் இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் இருந்தாரே என்று அவரைச் சுற்றிச் சுற்றிக் குதித்துக் குரைத்தது. தளபதி விடவில்லை. படையையும் வரவழைத்தார். சேனை முழுவதும் அணிவகுத்து நின்று குரைத்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு முரசராயன் மாடத்துக்கு ஓடி வந்தான். தன் வாழ்நாளில் கத்தாத கத்தல் ஒன்றைக் கத்தினான். பாதியில் தொண்டையில் ஏதோ அறுந்தது. அதற்கப்புறம் "கீச்" என்று ஒரு சத்தம்தான் வந்தது, வாசல் கதவுக்கு எண்ணெய் போடவில்லை என்று காவலன் நினைத்துக்கொண்டான்.

வைத்தியர் பார்த்தார். "மகாராஜா ஒரு வார்த்தை பேசக் கூடாது. வேப்பங்கொழுந்தைக் கிள்ளி மெல்ல வேண்டும், அவ்வளவுதான் மருந்து" என்றார்.

அன்று அரண்மனை எப்படி இருந்தது தெரியுமா? சுவரில் பல்லி நடப்பது கேட்டது.

ராஜா நந்தவனத்தில் புன்னை மரத்தடியில் உட்கார்ந்தான். மனசு சரியில்லை. பௌர்ணமி வந்துகொண்டிருந்தது, வயல் காய்ந்துகொண்டிருந்தது, குரலும் போயிற்று. கையில் ஒரு கொத்து வேப்பிலை. பக்கத்தில் ராணி வைத்துவிட்டுப் போன தட்டு நிறைய அதிரசம். சாப்பிடப் பிடிக்கவில்லை.

பட்டாணி வந்தது. ராஜா முகத்தைப் பார்த்தது. இவர் ஆரம்பித்தால்தானே நாம் தொடர வேண்டும், இவர் ஆரம்பிக்கவில்லையே என்று காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சுற்றிச் சுற்றி வந்து, ராஜாவின் பாதத்தின்மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. ஒரு பெருமூச்சு விட்டது.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குட்டியிலிருந்து வளர்த்த நாய். அதன் மோவாய் இவ்வளவு கனம் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. ஓர் அதிரசத்தை எடுத்து அதன் வாயில் வைத்தான்.

பட்டாணி திகைத்துப்போயிற்று. படுத்திருந்த காதும் எழுந்து நின்றது. நான் குரைக்கவே இல்லையே, எப்படி வந்தது? கணக்குத் தப்பிவிட்டதோ என்று எழுந்து நின்று, வழக்கப்படி ஒரு குரை குரைத்தது.

சட்டம் ராஜாவுக்கும் சட்டம்தான். கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும். கையில் இருந்தது வேப்பிலை. கொடுத்தான். பட்டாணி மென்றது. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! துப்பியது, நாக்கைப் புல்லில் தேய்த்தது, தும்மியது, பிறகு ஒன்றும் புரியாமல் பேசாமல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் ராஜா தட்டிலிருந்து ஓர் அதிரசம் கொடுத்தான். மறுபடி குரைத்தது, வேப்பிலை. மறுபடி உட்கார்ந்தது, அதிரசம்.

பட்டாணி ராஜாவைப் பார்த்தது. ராஜா பட்டாணியைப் பார்த்தான். இரண்டு பேர் மண்டையிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது. மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ராணி வடிவுடையாளுக்கு அவர்கள் இருவருக்கும் முன்னாலேயே வந்துவிட்டது.

ராஜா துள்ளி எழுந்து அமைச்சரைக் கூப்பிட ஓடினான். குரல்தான் இல்லையே. வேப்பிலையைக் காட்டினான், நாயைக் காட்டினான், வாயைக் காட்டினான். திருமேனி முகம் வெளிறிப்போய், "ஐயையோ, பட்டாணிக்கு அம்மை கண்டிருக்கிறதாம்!" என்று அலறினார். ராஜா இல்லை இல்லை என்று இரண்டு கையையும் விரித்து ஆட்டினான். "ஊருக்கே கண்டிருக்கிறதாம்!" என்றார். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வீடு வேப்பிலை செருகி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கூழ் காய்ச்சி முடித்துவிட்டார்கள்.

ராஜாவுக்குக் கோபம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. வேறு வழியில்லாமல் கோபத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்தான். விழுங்கின அந்தக் கணத்தில் ராணி அவன் வாயில் ஒரு துண்டு அதிரசத்தை வைத்தாள்.

"நல்லாருக்கா?" என்றாள்.

ராஜா தலையை ஆட்டினான். ஏன் கொடுத்தாள் என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்காதது நல்லதாயிற்று.

சில நாளில் குரல் வந்தது. முழுசாக வரவில்லை, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவுக்கு வந்தது. ராஜா சிற்பியைக் கூப்பிட்டு, "பட்டாணி சும்மா இருந்தால் ஓர் அதிரசம் கொடுக்கவும்" என்றான். இது கட்டளையா, இல்லை ராஜா தனக்குத்தானே பேசிக்கொள்கிறாரா என்று சிற்பிக்குச் சந்தேகம். இருந்தாலும் வெட்டினான். அந்தக் கல்லிலேயே சின்ன எழுத்து அதுதான்.

பழைய கட்டளையை அழிக்க முடியாதே என்று கேட்பீர்கள். அழிக்கவில்லை. குரைத்தால் கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும் என்றுதானே இருக்கிறது? ஊரார் அன்றிலிருந்து கையில் வேப்பிலையையும் மடியில் அதிரசத்தையும் வைத்துக்கொண்டார்கள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பினாலும் பட்டாணி நம்பாது. முதலில் ஒரு கொட்டாவி நேரத்துக்குச் சும்மா இருந்தது. பிறகு ஒரு செம்பு தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குச் சும்மா இருந்தது. பிறகு ஒரு மாட்டு வண்டி வீதியைக் கடக்கிற நேரத்துக்குச் சும்மா இருந்தது. அப்படி வந்துகொண்டிருக்கும்போது வாசல் காவலன் கெடுத்தான். "பாவம், வாய்விட்டுக் கேக்குதே" என்று, குரைத்ததற்கு மடியிலிருந்து ஓர் அதிரசத்தை எடுத்துக் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான், பட்டாணிக்குப் பழைய நம்பிக்கை வந்துவிட்டது. அன்று முழுவதும் ஊர் காது கிழிந்தது. ராணி காவலனைக் கூப்பிட்டு, "உன் இரக்கத்தை அது சும்மா இருக்கும்போது காட்டுடா, புண்ணியவானே" என்றாள். மறுபடி கொட்டாவியிலிருந்து தொடங்கினார்கள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ராஜாவின் குரல் நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டே வந்தது. அவன் ஒரு சத்தம் போட்டால் போதும், எல்லாப் பாடமும் மறந்து பட்டாணி கூடவே ஆரம்பித்துவிடும். ராணி அவன் பக்கத்திலேயே தட்டோடு உட்கார்ந்தாள். அவன் கத்தினால் எழுந்து போய்விடுவாள். கோபத்தை விழுங்கினால் ஒரு துண்டு. ராஜாவுக்கு இடுப்புக் கொஞ்சம் பெருத்தது.

பௌர்ணமி வந்தது. மலைக்கொழுந்தனும் வந்தான்.

சபை நிறைந்திருந்தது. வெளியே குடியானவர்கள் மண்வெட்டியோடு காத்து நின்றார்கள். பட்டாணி கயிறில்லாமல் ராஜாவின் காலடியில் உட்கார்ந்திருந்தது. மலைக்கொழுந்தன் அதை மேலும் கீழும் பார்த்தான். அவன் சும்மா வரவில்லை.

முதலில் தம்பட்டக்காரர்களை விட்டு அதன் காதருகே அடிக்கச் சொன்னான். பட்டாணியின் உடம்பு நடுங்கியது, வாய் திறக்கவில்லை. ராஜா ஒரு துண்டு கொடுத்தான். பிறகு கூடையைத் திறந்து ஒரு கொழுத்த கடுவன் பூனையை விட்டான். பூனை சாவகாசமாகப் பட்டாணியின் மூக்குக்கு நேராக நடந்துபோய், வாலால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டுப் போயிற்று. பட்டாணி கண்ணை இறுக மூடிக்கொண்டது. ராஜா ஒரு துண்டு கொடுத்தான். பிறகு மலைக்கொழுந்தனே எழுந்து வந்து, புதுப் பட்டுத் தலைப்பாகையைக் கழற்றி, அதன் நுனியை நாய் முன்னால் ஆட்டினான். பட்டாணிக்கு எச்சில் ஒழுகியது. அதுவும் நாய்தானே? ஆனாலும் வாய் திறக்கவில்லை.

மலைக்கொழுந்தனுக்கு முகம் சுண்டிவிட்டது. நாயை விட்டு ராஜா பக்கம் திரும்பினான்.

"நாயை நீ பழக்கவில்லை முரசராயா, நாய்தான் உன்னைப் பழக்கியிருக்கிறது! நாய்க்குத் தீனி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் ஒரு ராஜா! உன் பாட்டன் மூணு பேச்சுப் பேசினான், உனக்கு ஒரு பேச்சுக்கே வக்கில்லை!"

சபையின் நடுவே, குடிமக்கள் கேட்க, பாட்டனாரை இழுத்துவிட்டான். முரசராயனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. காது சிவந்தது. வாய் திறந்தது. தொண்டையில் பழைய இடி வந்து நின்றது.

காலடியில் "குர்ர்" என்று ஒரு சத்தம். பட்டாணி தலையை நிமிர்த்தி ராஜாவின் முகத்தைப் பார்த்தது. நீ ஆரம்பி, நான் தொடர்கிறேன் என்று கேட்டது அந்தப் பார்வை.

அங்கேதான் ராஜாவுக்குப் புரிந்தது. இவன் இவ்வளவு நேரமும் நாயைச் சோதிக்கவில்லை. என்னைத்தான் சோதிக்கிறான். நான் கத்தினால் இது குரைக்கும், இது குரைத்தால் மதகு திறக்காது, மதகு திறக்காவிட்டால் வெளியே நிற்கிறவன் பிள்ளை பட்டினி. அவமானம் நெஞ்சை அறுத்தது. அறுத்தால் அறுக்கட்டும் என்று வாயை மூடினான். இடியை விழுங்கினான். அது இறங்குகிற சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது என்று சொல்கிறார்கள்.

பட்டாணி மோவாயை மெதுவாக ராஜாவின் பாதத்தில் வைத்தது. ராஜா அதன் வாயில் ஓர் அதிரசத்தை வைத்தான். அதே நேரம் ராணி ராஜாவின் வாயில் ஓர் அதிரசத்தை வைத்தாள்.

மலைக்கொழுந்தன் அதைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குத் தலைகால் தெரியாத கோபம் வந்தது.

"என்ன இது? சபையா, சமையல்கட்டா? நான் இங்கே கத்திக்கொண்டிருக்கிறேன், நீங்கள் பலகாரம் தின்கிறீர்களா? நான் யார் தெரியுமா? என் மலை தெரியுமா? என் படை தெரியுமா?" தரையை உதைத்தான். தலைப்பாகையைத் தானே தூக்கி எறிந்தான். கத்தினான், கத்தினான், கூரையில் இருந்த புறாவெல்லாம் பறக்கக் கத்தினான். யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. கடைசியில் மூச்சு முட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அவன் நிறுத்தினான்.



அப்போது பட்டாணி எழுந்தது. வாயில் இருந்த அதிரசத்தை அது இன்னும் தின்னவில்லை. அதைக் கவ்விக்கொண்டே சபையின் நடுவே நடந்து போயிற்று. மலைக்கொழுந்தனின் பாதத்தின்மேல் அதை மெதுவாக வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

அமைச்சர் திருமேனி கண்ணை மூடிக்கொண்டார். சண்டை வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ராணி சொன்னாள்: "தப்பாக நினைக்காதீர்கள் அண்ணா. சும்மா இருந்தால் கொடுப்பது இந்த ஊர் வழக்கம். நீங்கள் கத்துவதை நிறுத்தினீர்களே, அதற்கு அது தன் பங்கைக் கொடுக்கிறது."

மலைக்கொழுந்தன் காலடியில் இருந்த அதிரசத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் கத்தினால் எல்லாரும் கொடுப்பார்கள் அம்மா. குழந்தையிலிருந்தே அப்படித்தான். சும்மா இருந்ததற்கு எனக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை" என்றான்.

குனிந்து அதிரசத்தை எடுத்தான். தட்டினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க வாயில் போட்டு மென்றான்.

"கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. ஆனால் நல்லாருக்கு" என்றான்.

பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "போய் மதகைத் திறங்கள்" என்றான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி அவர்கள் கேட்டதே இல்லை, அதனால் ஒருவரும் நகரவில்லை. அவனுக்குக் கோபம் வந்ததா? வந்தது. ஆனால் பட்டாணி பார்த்துக்கொண்டிருந்தது. அதே மெல்லிய குரலில் இன்னொரு தடவை சொன்னான். ஓடினார்கள்.

மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதல் நுரையைப் பார்த்துக் குடியானவர்கள் போட்ட கூச்சலில் பட்டாணி ஒரே ஒரு தடவை குரைத்தது. அது சந்தோஷக் குரை, யாரும் வேப்பிலை கொடுக்கவில்லை என்கிறார்கள். சட்டப்படி அது தப்புதான், போகட்டும் விடுங்கள்.

நெல் விளைந்தது. முரசராயன் கல்லில் இன்னொரு சின்ன எழுத்துக் கட்டளையும் வெட்டச் சொன்னான்: "வெயில் நிறுத்தும் அதிகாரி இனி நிழலில் உட்கார்ந்து நிறுத்தலாம்." அவர் இத்தனை வருஷமும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் நின்றதற்கு ஒரு தட்டு அதிரசமும் அனுப்பி வைத்தான்.

ஆகவே, பெற்றவர்களே, ஆள்பவர்களே, நாய் வளர்ப்பவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்: கத்தும்போது கொடுத்தால் கத்தல்தான் வளரும், அமைதியாக இருக்கும்போது தேடிப்போய்க் கொடுத்தால் அமைதி வளரும்.